மெல்ரோஸ் கிண்ணமும் ஒரு நிமிடமும்

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் கலியாண வீட்டுக்குப் போய்வந்த எவருக்கும் உஷாந்தியின் குரல் தெரிந்திருக்கும், முகம் தெரிந்திராது. மண்டபத்து மூலையில் பூச்சாடிக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதும், வாசலை மறித்து நிற்கிற காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதும், இரண்டாம் பந்திக்கு ஆட்களை எழுப்புவதும் அவள்தான். குதிரை என்றால் அவள் அறிந்தது காலிமுகத்திடலில் பொலிஸ்காரர் ஏறிப்போகிற குதிரை. அதையும் பஸ்ஸுக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு மெல்ரோஸ் குதிரையோட்டச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. செயலாளர் சாமினி கதைத்தாள்.

“மிஸிஸ் உஷாந்தி, இந்த முறை மெல்ரோஸ் கிண்ணத்துக்கு நீங்கள்தான் தமிழில நேர்முக வர்ணனை செய்ய வேணும். மூண்டு மொழியும் இருக்கவேணும் எண்டு மேலிடத்து ஓடர்.”

“ஐயோ, எனக்குக் குதிரையைப் பற்றி ஒண்டும் தெரியாதே!”

“அது நல்லம். போன வருசம் வந்தவருக்குத் தெரிஞ்சிருந்தது. கமிட்டி சரியாக் கஷ்டப்பட்டுப் போச்சு.”

வீட்டில் கேட்டபோது அவள் கணவன் ஜனா, “போய்ச் செய்யும். குதிரை என்ன, மாப்பிள்ளையின்ர மாமா மாதிரி வந்து மைக்கைப் பறிக்கவா போகுது?” என்றான். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

சங்கத்தின் மாளிகையும் ஓட்டத் திடலும் கொட்டாஞ்சேனையில் கடலைப் பார்த்த மேட்டில் இருந்தன. ஓட்டத்துக்கு முந்திய கிழமை மாளிகையில் அறிமுகக் கூட்டம். சுற்றிவர வெள்ளைக்காரர்களின் படங்கள். குதிரைப் படம் ஒன்றேயொன்று இருந்தது. அதிலும் மேலே இருந்தவரின் மீசை தெளிவாக விழவேண்டுமென்பதற்காகக் குதிரையின் தலையை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டிருந்தார்கள். தலைவர் கலாநிதி பாலசுந்தரம் எழுந்து, ஓட்டத்தின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

“வெள்ளைக்காரன் காலத்தில இங்க சுங்கத்தில பெரிய உத்தியோகத்தில இருந்தவர் மெல்ரோஸ் துரை. ஒரு நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிந்திப் போச்செண்டு இன்னொரு துரையோட போட்டி போட்டுக் குதிரையை விட்டார். அதுதான் முதலாவது மெல்ரோஸ் ஓட்டம். அண்டைக்கு எந்தக் குதிரை வெண்டது எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆனா அண்டைக்கு என்ன சமைச்சவை எண்டது முழுக்கப் பதிவில இருக்கு. அந்தச் சாப்பாட்டைத்தான் நாங்கள் இண்டைக்கும் வருசாவருசம் சாப்பிடுறம். பாரம்பரியம் எண்டுறது அதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஆறு பர்லாங். ஒரு நிமிசமும் கொஞ்சமும். உலகத்தில எத்தனையோ நீண்ட ஓட்டங்கள் இருக்கு. அதுகள் சாதாரண ஆக்களுக்கு. நீட்டிவிட்டால் பார்க்கிறவன் யோசிக்கத் தொடங்கியிடுவான். எங்கட ஓட்டத்தின்ர கவர்ச்சியே, என்ன நடந்தது எண்டு விளங்க முதல் முடிஞ்சிடுறதுதான். பிறகு நாங்கள் என்ன சொல்லுறமோ அதுதான் நடந்தது.”

இந்த ஓட்டம் ஒரு வருடமும் நின்றதில்லை என்பதைத் தலைவர் மேசையில் தட்டிச் சொன்னார். சண்டைக்கு நிற்கவில்லை. வெள்ளத்துக்கு நிற்கவில்லை. பெற்றோல் இல்லாத வருடத்தில் பந்தயக் குதிரைகளை அனுப்பித்தான் விருந்தினரை ஏற்றிவந்தார்களாம்; ஓட்டம் தொடங்கும்போது குதிரைகள் களைத்துப் படுத்துவிட்டபடியால் மரியாதை கருதி எல்லாமே முதலிடம் என்று அறிவித்தார்களாம். ஊரடங்கு வருடத்தில் குதிரைகளைக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. கிண்ணத்தைக் காரில் வைத்து ஆறு பர்லாங் ஓட்டினார்கள். கிண்ணமே கிண்ணத்தை வென்றது.

கூட்டம் முடிந்ததும் உஷாந்தி சாமினியைப் பிடித்தாள். “அப்ப நான் எப்ப கதைக்கத் தொடங்க வேணும்?”

“முதல் இங்கிலீஷ் வர்ணனை. அது முடியச் சிங்களம். அது முடிய நீங்கள்.”

“ஓட்டமே ஒரு நிமிசம் எண்டீங்கள். எனக்கு முறை வரேக்கை குதிரையெல்லாம் போயிருக்குமே!”

“லாயத்துக்கே போயிருக்கும். நீங்கள் ஓடுற மாதிரிச் சொல்ல வேண்டியதுதான். கலியாண வீட்டில ரெண்டு பேரும் நூறு வருசம் ஒற்றுமையா வாழப் போகினம் எண்டு பார்த்துக்கொண்டா சொல்லுறீங்கள்?”

உஷாந்தி சும்மா குதிரைகளையாவது பார்த்துவைப்போம் என்று லாயத்துக்குப் போனாள்.

அங்கே ஆறு குதிரைகள் நின்றன. கடைசித் தடுப்பில் நின்ற வெள்ளைப் பெட்டைக் குதிரைக்கு ஒரு பெண் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, குட்டையான பிள்ளை. இருபது இருபத்தொரு வயதிருக்கும். பெயர் நிரோஷா. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தக் குதிரையை ஓட்டப்போகிறவளும் அவள்தான்.

“வாங்கக்கா. நீங்கதான் தமிழ்ல பேசப்போறவங்களா?” என்றாள். “நான் தோட்டத்து லயத்துல பொறந்து குதிர லாயத்துல வளந்தவ. அப்பா காளியப்பன் அங்க குதிரக்காரரு. இவளுக்குப் பேரு சில்வர் மொன்சூன்னு சங்கத்துல வச்சிருக்காங்க. நான் வெள்ளச்சின்னுதான் கூப்புடுறது.”

வெள்ளச்சி உஷாந்தியை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தது. குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத உஷாந்திக்கே அது தெரிந்தது. இடது முன்னங்கால் நிலத்தில் பட்டும் படாமலும் எடுபட்டது. தலையை ஒருமுறை மேலே தூக்கிப் போட்டது.

“நொண்டுதே, பிள்ளை?”

“ஆமாக்கா. லொறியில வரும்போது அடிபட்டிருச்சு. ஓடினா முழங்கால் போயிரும். வேகமா போகும்போது போச்சுன்னா அவளும் இல்ல, நானும் இல்ல.”

“ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையா?”

“எல்லாருக்கும் தெரியுங்க. எல்லாரும் வந்து பாத்துட்டு, பாக்காத மாதிரி போயிட்டாங்க.”

உஷாந்தி நேரே மிருக வைத்தியர் திலக்ஷனிடம் போனாள். அவர் சங்கத்தின் கழுத்துப்பட்டி கட்டி, தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஓம், நொண்டுது,” என்றார் அன்பாக. “ஆனா அதை நான் சொல்லேலாது. ஓட்டத்துக்கு முதல் ஒரு குதிரையைப் பற்றி வைத்தியர் வாய் திறந்தால் பந்தயம் கட்டுற சனத்தைக் குழப்பின மாதிரி. சங்கத்துச் சட்டம். ஓட்டம் முடிஞ்சாப்பிறகு வடிவாச் சோதிப்பன்.”

“முடிஞ்சாப்பிறகு சோதிச்சு என்ன செய்யிறது, டொக்டர்?”

“காரணம் சொல்லலாம்,” என்றார் திலக்ஷன்.

அடுத்த நாள்களில் குதிரைகள் குறையத் தொடங்கின. மூன்று குதிரைகளின் சொந்தக்காரர், விழாவில் தன் மனைவிக்கு இரண்டாம் வரிசையில் கதிரை போட்டிருப்பதை அறிந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் மூன்று. பிரதம விருந்தினரான அமைச்சருக்கு வேட்டு மரியாதை வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. ஒத்திகையில் முதல் வேட்டு வெடித்ததும் இரண்டு குதிரைகள் வேலியைப் பாய்ந்து கொட்டாஞ்சேனைச் சந்திக்குள் இறங்கின. ஒன்றைப் பழக்கடைக்கு முன்னாலும் மற்றதைத் தேவாலய வாசலிலும் பிடித்தார்கள். இவ்வளவு வேகமாக அவை எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை என்று சொந்தக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். ஆனால் திரும்பிக் கொண்டுவரவில்லை. வேட்டுச் சத்தத்துக்கு வெள்ளச்சி மட்டும் ஓடவில்லை. ஓட அதனால் முடியவில்லை.

ஆக, மெல்ரோஸ் கிண்ணத்துக்கு ஒரே ஒரு குதிரை இருந்தது. அதுவும் நொண்டிக் குதிரை. இனி எப்படியும் நிறுத்துவார்கள் என்று நினைத்து உஷாந்தி நிம்மதியாக இருந்தாள். ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் சாமினி தொலைபேசி எடுத்து, “நாளைக்குக் காலமை நேரத்துக்கு வந்திடுங்கோ,” என்றாள்.

உஷாந்தி ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தலைவரின் அறைக் கதவைத் தட்டினாள். கலாநிதி பாலசுந்தரம் அவளை உட்காரச் சொல்லி, தானே எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். மிகவும் நல்ல மனிதர்.

“சேர், ஒரு குதிரை எப்பிடிப் போட்டி போடும்?”

“அதில ஒரு வசதி இருக்குப் பிள்ளை. முடிவில சர்ச்சை வராது.”

“அது நொண்டுது, சேர். அந்தப் பிள்ளை விழுந்து செத்துப்போகும்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் பார்த்தனான். எனக்கும் இரவில நித்திரை இல்லை. ஆனா நீர் என்ர இடத்தில இருந்து யோசியும். சுவரில பேர் பதிஞ்ச இத்தனை தலைவர்மார் இருந்திட்டுப் போட்டினம். ஒருத்தரும் நிறுத்தேல்லை. நிறுத்தினவன் எண்டு என்ர பேர் மட்டும் அந்தச் சுவரில நிக்கிறதோ? ஒரு நிமிசம்தானே, பிள்ளை. ஒரு நிமிசத்தை ஆரும் தாங்கலாம்.”

“தாங்கப்போறது நீங்கள் இல்லையே, சேர்.”

“அதுதான் சொல்லுறன்,” என்றார் தலைவர், உஷாந்தி தன் பக்கம் வந்துவிட்டதுபோல மகிழ்ந்து.

உஷாந்தி வெளியே வந்து லாயத்தில் நிரோஷாவிடம், “நீ ஏறாதை. விட்டிட்டு என்னோட வா. வெள்ளவத்தையில எங்கட வீட்டில நிக்கலாம்,” என்றாள்.

நிரோஷா வாளியைக் கீழே வைத்தாள். “நான் ஏறலன்னா வேற ஆள ஏத்துவாங்கக்கா. அவன் சவுக்க எடுத்து அடிப்பான். இவளும் பயத்துல ஓடுவா. நான்னா…” வெள்ளச்சியின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

உஷாந்தி அன்று இரவு வீட்டில் சாப்பிடவில்லை. காலையில் உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிப் போகாமல் விடலாமா என்று ஜனாவிடம் கேட்டாள். “நீர் போகாட்டிலும் குதிரை ஓடும்,” என்றான் அவன். அந்த உண்மைதான் அவளை எழுப்பிக் கொண்டுபோனது.

விழாவுக்குக் கொழும்பின் தொப்பிகள் எல்லாம் வந்திருந்தன. பூவைத்த தொப்பி, இறகுவைத்த தொப்பி, பழக்கூடை மாதிரி ஒரு தொப்பி. தொப்பிகளுக்கே தனியாக ஒரு போட்டி. அதற்கு நாற்பது பேர் கலந்துகொண்டார்கள். வேலிக்கு வெளியே கொட்டாஞ்சேனைச் சனம் மாடிகளிலும் மதில்களிலும் நின்றது. அமைச்சர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். வரவேற்புரை, தலைமையுரை, மெல்ரோஸ் துரையின் நினைவுரை, அனுசரணையாளர் உரை என்று வெயில் உச்சிக்கு ஏறியது. அமைச்சர் தன் உரையில், “இந்தக் குதிரைகளின் ஒற்றுமையை நாட்டு மக்கள் பின்பற்ற வேண்டும்,” என்றார். தொடக்கக் கோட்டில் ஒற்றைக் குதிரை ஒற்றுமையாக நின்றது.

வேட்டு வெடித்தது.

இங்கிலீஷ் வர்ணனையாளர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இடிமுழக்கம்போல் வருகின்றன, கழுத்துக்குக் கழுத்து, புழுதியைப் பாருங்கள் என்று வருடாவருடம் சொல்வதை ஒரே மூச்சில் முழங்கிவிட்டு, என்ன அருமையான முடிவு என்று முடித்தார். பார்வையாளர் கைதட்டினார்கள். உடனே சிங்களத்தில் அதே இடி, அதே புழுதி, அதே முடிவு. மறுபடியும் கைதட்டல். தொப்பிகள் எழும்பிச் சாப்பாட்டுக் கூடாரத்தை நோக்கி அசையத் தொடங்கின. முடிவுக் கோட்டில் நின்ற நடுவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர்களோடு போனார்.

உஷாந்தியின் கைக்கு ஒலிவாங்கி வந்தது. அவள் திடலைப் பார்த்தாள்.

வெள்ளச்சி முதல் பர்லாங்கைக்கூடத் தாண்டவில்லை. நடந்து வந்துகொண்டிருந்தது. நிரோஷா சவுக்கை இடுப்பில் செருகிவிட்டு, கடிவாளத்தைத் தளர விட்டு, குனிந்து குதிரையின் காதில் ஏதோ கதைத்தபடி வந்தாள். ஓடவேண்டியவள் நடத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான், அதைச் செய்தாள்.

சங்கம் எழுதிக்கொடுத்த வசனம், ‘மின்னலெனப் பாய்ந்து வருகின்றன’ என்று தொடங்கியது. உஷாந்தி அதைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. ஆனால் மெதுவாக வருகிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வதற்குக் கொழும்பில் அவளைவிட்டால் வேறு ஆளில்லை. மண்டப வாசலிலிருந்து மணவறைவரை இருபது யார் தூரத்தைச் சேலையும் நகையும் வீடியோக்காரரும் மறிக்க மறிக்கக் கால்மணி நேரமாகக் கடந்துவரும் எத்தனை கலியாணப் பொம்பிளைகளுக்கு அவள் குரல் கொடுத்திருக்கிறாள்!

“அதோ, வருகிறாள்,” என்றாள். “அவசரமில்லாமல் வருகிறாள். இடது கால் நோகிறது. நோகிற காலை நிலத்தில் வைத்து, பொறுத்து, மற்றக் காலை எடுக்கிறாள். அவளைக் கூட்டி வருகிறவள் நிரோஷா. மலையிலிருந்து வந்த பிள்ளை. ஓடச் சொன்னார்கள், ஓடினால் கால் முறியும். ஆகவே நடக்கிறார்கள். சபையோரே, தயவுசெய்து வழிவிடுங்கள்.”

மறிப்பார் யாரும் இல்லாத திடலில் வழிவிடச் சொன்னதை மதிலில் நின்ற சனம் ரசித்துக் கைதட்டியது. ஒரு மாடியிலிருந்து யாரோ, “மெதுவா வா அம்மா!” என்று கத்தினார்கள். கூடாரத்துக்குப் போன தொப்பிகள் சில திரும்பி நின்றன. அமைச்சர் இது ஏதோ சமய ஊர்வலம் என்று எண்ணிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அவருக்குப் பின்னால் நின்ற அதிகாரிகளும் வரிசையாகச் சப்பாத்தைக் கழற்றினார்கள்.

கலாநிதி பாலசுந்தரம் வியர்த்து வழிய மேடைக்கு ஏறி வந்தார். “பிள்ளை, கொஞ்சம் வேகமாச் சொல்லும்! நீர் ஆறுதலாச் சொல்லச் சொல்ல அது ஆறுதலா வருது!”

“அது தன்ர காலால வருது, சேர்,” என்றாள் உஷாந்தி. ஒலிவாங்கி திறந்திருந்தபடியால் கொட்டாஞ்சேனை முழுவதும் அதைக் கேட்டது.

மூன்றாம் பர்லாங் போனது. நான்காம் பர்லாங்கில் வெள்ளச்சி நின்றுவிட்டது. நிரோஷா இறங்கினாள், குதிரையின் காலைத் தடவிவிட்டு, ஏறாமல் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். உஷாந்தி அதையும் சொன்னாள். ஐந்தாம் பர்லாங்கும் போனது. முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இனி அவள் எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கண்ட கண்டபடி சொன்னால் போதுமாக இருந்தது. இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை.

“இன்னும் கொஞ்சத் தூரம்தான், இதோ…” என்றபோது தன் குரல் திடலுக்குக் கேட்கவில்லை என்பதை உணர்ந்தாள். ஒலிபெருக்கிகள் செத்துப்போயிருந்தன. பக்கத்தில் சாமினி வயரைப் பிடுங்கிய கையோடு நின்றாள்.

“சொறி மிஸிஸ் உஷாந்தி. தமிழுக்கு ஒதுக்கின நேரம் முடிஞ்சுது.”

வெள்ளச்சி கோட்டைத் தாண்டியதை மதிலில் நின்றவர்கள் பார்த்தார்கள். உஷாந்தி பார்த்தாள். சங்கத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. மெல்ரோஸ் துரையின் சாப்பாடு ஆறத் தொடங்கியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் முடிவை அறிவித்தார். நடுவர் இல்லாத நேரத்தில் கோட்டைத் தாண்டியது தாண்டியதாகாது. ஆகவே ஓட்டம் நடந்தது, ஆனால் குதிரை ஓடவில்லை. “இண்டைக்கு இந்தத் திடலில வரலாறு ஒண்டு நடந்தது,” என்றார் தழுதழுத்த குரலில். “ஆனா அது நாங்கள் ஒழுங்கு செய்த வரலாறு இல்லை.” கிண்ணம் ஏற்கெனவே ஒருமுறை வென்ற அனுபவம் உள்ளதால் அதற்கே மறுபடியும் வழங்கப்பட்டது. நிரோஷா வேகத்தை அவமதித்த குற்றத்துக்காக அவளுடைய அனுமதி நிறுத்தப்பட்டது. கடைசியாக வைத்தியர் திலக்ஷன் வந்து, சட்டப்படி இப்போதுதான் தன்னால் வாய் திறக்க முடியும் என்று சொல்லி, வெள்ளச்சியின் காலைக் கவனமாகச் சோதித்தார். “கடுமையான காயம். இந்தக் குதிரையை ஓட விட்டிருக்கவே கூடாது,” என்றார். எல்லோரும் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள்.

நிரோஷாவை அன்றைக்கே ஊருக்கு அனுப்பினார்கள். கோட்டை பஸ் நிலையம்வரை உஷாந்தி கூடப் போனாள். பிள்ளை அழவில்லை. “கால்ல மஞ்சத்துணி சுத்தியிருக்கேன். அத நனைய விடாம பாத்துக்கணும். யாராச்சும் பாப்பாங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“புதன்கிழமை நான் போய்ப் பார்க்கிறன்,” என்றாள் உஷாந்தி.

அடுத்த புதன்கிழமை போனாள். சங்கத்தின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அங்கத்தவர் அல்லாதவருக்கு அனுமதியில்லை என்றான் காவல்காரன். அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், உள்ளே வரவேண்டாம், அந்த வெள்ளைக் குதிரையை இங்கிருந்தே ஒருமுறை காட்டினால் போதும் என்று கெஞ்சினாள். அவன் தலையைச் சொறிந்தான். நேற்றுக் காலை லொறி வந்தது நோனா, என்றான். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஏற்றும்போது ஏற மாட்டேன் என்று நின்றது, நாலு பேர் தள்ளினார்கள், அவ்வளவுதான் அவன் கண்டது.

உஷாந்தி வீதியில் நின்றபடியே சாமினிக்குத் தொலைபேசி எடுத்து, வெள்ளச்சி எங்கே என்று கேட்டாள்.

“ஓம், உபகுழு கூடித் தீர்மானம் எடுத்திட்டுது,” என்றாள் சாமினி.

“என்ன தீர்மானம்? எங்க கொண்டு போனவங்கள்?”

“அது அடுத்த வருசம் பொதுக்கூட்டத்திலதான் சொல்லுவினம். எனக்கும் சொல்லேல்லை, அக்கா. உண்மையா.” பிறகு குரலைத் திருத்திக்கொண்டு, “அமைச்சருக்கு உங்கட குரல் நல்லாப் பிடிச்சிட்டுதாம். வாற வருசமும் நீங்கள்தான். கொஞ்சம் வேகமா மட்டும் சொன்னால் போதுமாம்,” என்றாள்.

தொலைபேசியைப் பைக்குள் வைக்குமுன் அது மறுபடி அடித்தது. நிரோஷா. பின்னணியில் கொழுந்து நிறுக்கிற இடத்துச் சத்தம் கேட்டது. மலைக்குப் போனவள் தோட்டத்தில் வேலைக்கு இறங்கிவிட்டாள்போல.

“அக்கா, புதன்கிழம போறேன்னீங்கல்ல? போனீங்களா?”

“ஓம் பிள்ளை. இங்கதான் நிக்கிறன்.”

“எப்புடி இருக்கா?”

உஷாந்தி பூட்டிய கதவைப் பார்த்தாள். காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லொறிச் சில்லு பதிந்த தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது.

“நல்லா இருக்கு,” என்றாள். “வெயில் படாத இடமாப் பார்த்துக் கட்டியிருக்கினம். புல்லுத் தின்னுது. துணி நனையேல்லை.”

“கால ஊனுறாளா?”

“ஓம்… ஆறுதலா ஊண்டுது.”

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நிரோஷா சிரித்தாள். “அவசரப்படுத்த வேணாம்னு அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்கக்கா.”

“சொல்லுறன், பிள்ளை,” என்றாள் உஷாந்தி.